பாலாற்றுக் கிணறுகளின் வழக்கு

வேலூர்ப் பிராந்தியத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவினால் நிலத்தையும் கிணற்றையும் இழந்த குடும்பங்களுக்கு ஆறு வார காலத்திற்குள் நஷ்ட ஈடு வழங்கப்பட வேண்டும் என்று 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அச்செய்தியைப் பத்திரிகைகளில் வாசித்தவர்களுள் பலர், சமீபத்தில் தொடுக்கப்பட்ட ஏதோ ஒரு வழக்கு விரைவிலேயே நல்ல முடிவை எய்திற்று என்று எண்ணி ஆறுதல் அடைந்திருக்கக் கூடும். ஆனால் அந்த நஷ்ட ஈட்டின் முதல் நிர்ணயம் நடந்தது 2001ஆம் வருஷத்தில். அதை நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைக்கும்படி அதே உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது 1996ஆம் வருஷத்தில். அந்தக் கட்டளைக்கு ஆதாரமான மனு தாக்கலானது 1991ஆம் வருஷத்தில். மனுவுக்குக் காரணமான விஷமோ, அதற்கும் பல வருஷங்கள் முன்னதாகவே பாலாற்று மணலுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.

இத்தனை நீண்ட காலத்தை வெறும் நிர்வாகச் சோம்பல் என்று கருதி நாம் ஒதுக்கிவிடுவோமானால், ரசாயன மாசு என்னும் தீமையின் உள்ளமைப்பை நாம் உணராதவர்கள் ஆவோம். குடிநீரிலும் உணவிலும் தொழிற்சாலையின் நஞ்சு கலக்கும் விஷயத்தில், தாமதம் என்பது இரு தரப்பாருக்கும் பொதுவான துரதிர்ஷ்டம் அன்று. மாசு செய்தவருக்கு அது ஒவ்வொரு வருஷமும் கிடைக்கும் லாபம். பாதிக்கப்பட்டவருக்கு அது முதல் நஷ்டத்தின்மேல் விதிக்கப்படும் இரண்டாவது தண்டனை. ஆகையால், நஷ்டத்துக்குக் காரணம் யார் என்ற கேள்வியைப் போலவே, அதைக் கண்டுபிடித்து வசூலிக்கும் வரையில் அந்த நஷ்டத்தைச் சுமந்து காத்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியும் நியாயத்தின் மூலக் கேள்விகளுள் ஒன்றாகும். இதுவரை அந்தக் காத்திருப்பு முழுவதையும் கிணற்றுக்குச் சொந்தக்காரர் தலையிலேயே நாம் ஏற்றியிருக்கிறோம். அதை இறக்கிவைக்க வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் பிரவேசிக்கும் பாலாறு, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய ஊர்களின் பக்கமாகச் சென்று வயலூருக்கருகில் கடலில் கலக்கிறது. 348 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் பாதையில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தைச் சேர்ந்தது. வருஷத்தின் பெரும்பகுதியில் வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும் இந்நதியின் ஐசுவரியம் எப்போதும் மணலுக்கு அடியில்தான் இருந்து வந்தது. ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்ததும், கரையோரக் கிணறுகளில் கவலை கட்டி இறைத்து நெல்லும் கரும்பும் வாழையும் தென்னையும் விளைவித்ததும், பட்டணங்களுக்குக் குழாய்வழியே ஜலம் அனுப்பியதும் எல்லாம் அந்த அடிநீரின் உபகாரமே. நதியின் இந்தச் சுபாவமே அதன் கேட்டுக்கும் ஹேதுவாயிற்று. நிறைந்து ஓடும் ஆற்றில் விழுந்த அழுக்கில் ஒரு பகுதியையாவது வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். வறண்ட மணலில் விடப்பட்ட கழிவோ, போக வழியின்றிக் கீழே இறங்கி, அடிநீரோடு கலந்து, அண்டையிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் மெல்லப் பரவி, அங்கேயே தங்கிவிடுகிறது.

தோல் பதனிடுதல் இப்பிராந்தியத்துக்குப் புதிய தொழில் அன்று. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பக்குவப்படுத்திய தோல் நெடுங்காலம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்குச் சென்றுகொண்டிருந்தது. 1972இல் சீதாராமையா குழு அளித்த யோசனைகளை ஒட்டி, பச்சைத் தோலும் அரைப் பதனிட்ட தோலும் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணி முதலிய பொருள்களையும் நாமே செய்து அனுப்ப வேண்டும் என்ற கொள்கையை மத்திய சர்க்கார் மேற்கொண்டது. தேசத்தின் வருவாயையும் வேலைவாய்ப்பையும் பெருக்குவதற்கென்று நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்ட கொள்கைதான் அது. ஆயினும், வேலையோடு கூட அந்த வேலையின் விஷமும் இங்கே வந்து சேரும் என்பதையும், அதை எங்கே வைப்பது என்பதையும் அப்போது யோசித்தவர்கள் அரியர். வாரங்கள் பிடித்த ஆவாரம்பட்டை முறையின் இடத்தில், மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் குரோமிய முறை வெகு வேகமாகப் பரவிற்று.

அந்த முறையில் தண்ணீர் படும் பாட்டைச் சற்று விவரமாகச் சொல்வது அவசியம். அழுகாமல் இருக்க உப்பிட்டு வரும் பச்சைத் தோலை முதலில் கழுவும்போதே ஏராளமான உப்பு நீரில் கரைகிறது. மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்கப்படுகின்றன. பின்னர் அமிலமும் மறுபடி உப்பும், அதன்பின் குரோமியம் சல்பேட்டும், கடைசியில் சாயங்களும் எண்ணெய்களும் வருகின்றன. இட்ட குரோமியம் முழுவதையும் தோல் கிரகித்துக்கொள்வதில்லை. கணிசமான பங்கு கழிவுநீரோடு வெளியேறுகிறது. ஒரு கிலோகிராம் தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், சுமார் 170 வகை ரசாயனங்கள் இத்தொழிலில் பிரயோகிக்கப்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான மனு கூறிற்று. குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம், வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை சகிக்கலாம் என்பதும், குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பதும் நம் தேசத்தின் தர நிர்ணயங்கள். இந்த எண்களை ஒருவர் மனத்தில் இருத்திக்கொண்டால், சுத்திகரிக்காத கழிவுநீர் பல வருஷங்கள் ஓடிய வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பது எத்தகைய வாழ்க்கை என்பது அவருக்கு விளங்கும்.

அந்த உப்பு நிலத்துக்குச் செய்யும் தீங்கு, குரோமியத்தைப் போல அச்சம் தரும் பெயர் பெற்றதன்று. ஆனால் விவசாயியை முதலில் வீழ்த்தியது அதுதான். சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண்ணின் கட்டுக் குலைந்து, மேற்பரப்பு இறுகி, மழைநீரும் உள்ளே இறங்காத நிலை ஏற்படுகிறது. ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடுகிறது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்பது, வேலூரிலிருந்த வேளாண்மைப் பல்கலைக் கழக ஆராய்ச்சி நிலையம் செய்த பூர்வாங்க ஆய்வின் கணக்கு. இதே தொழில் நடக்கும் திண்டுக்கல் பக்கத்தில், பதின்மூன்று கிராமங்களில் குடிப்பதற்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளைப் பரிசோதித்ததில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்ற விவரமும் அதே வழக்கில் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. தம் வீட்டுக் கொல்லையிலேயே கிணறு இருந்தும் பெண்கள் குடத்தைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடந்து குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. பரம்பரையாகத் தாமே தானியம் விளைத்து உண்டவர்கள், நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அந்த நிலத்தைக் கெடுத்த தொழிற்சாலையிலேயே கூலிக்குச் சேரும் நிலையும் வந்தது.

இவ்விஷயத்தைப் பேசும்போதெல்லாம் எழுப்பப்படும் ஓர் ஆட்சேபத்தை அலட்சியம் செய்வது நியாயமாகாது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிற, அன்னியச் செலாவணியை ஈட்டித் தருகிற தொழிலை நலிவிக்கலாமா என்று கேட்கிறார்கள். நலிவிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் அந்தத் தொழிலை நம்பி நிற்கின்றன என்பதை அறியாதவர் எவரும் இல்லை. ஆனால், தொழிலின் பேரால் நாம் பேசும்போது தொழிலாளியின் பேராலும் பேசுகிறோம் என்று எண்ணுவதுதான் தவறு. தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்தான் அந்தக் கழிவின் அருகில் முதலில் நிற்பவர். வேலை முடிந்து வீடு திரும்பி அந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்க வேண்டியவரும் அவரே. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றபோது, அந்த வாழ்க்கையின் கொடுமையை நாடு பாராட்டிப் படித்தது. மூன்று வருஷங்களுக்குள், 2015 ஜனவரி இறுதியில், ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கழிவுச் சேறு பாய்ந்து பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைப்புக்கென்று வந்தவர்கள். விஷத்தை அடக்கி வைக்கும் செலவைக் குறைப்பதால் தொழிலாளி வாழ்கிறார் என்று இதற்கு மேலும் ஒருவர் வாதிக்க முடியாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் முதலானோர் அளித்த தீர்ப்பு, உலகத்துச் சட்ட மாணவர்கள் பலரும் இன்று படிக்கும் தீர்ப்பு. மாசு செய்பவர் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும் என்பதையும், தீங்கு நேரும் என்ற நியாயமான ஐயம் இருக்கையில் விஞ்ஞான நிச்சயம் இன்னும் ஏற்படவில்லை என்று காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையை ஒத்திப்போடலாகாது என்பதையும், தன் செய்கையினால் தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அச்செய்கையைப் புரிகிறவருடையதே என்பதையும் இத்தேசத்தின் சட்டமாகவே அது பிரகடனம் செய்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றின்மீதும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, நஷ்டத்தைக் கணிக்க ஓர் ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது. அவ்வாறு அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவை வெளியிட்டது: 186 கிராமங்களில் பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், 547 தொழிற்சாலைகள் செலுத்த வேண்டிய தொகை 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இத்தொகையை அத்தனை பேருக்கும் பங்கிட்டுப் பார்த்தால், ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் வருகிறது. கிணறும் வயலும் இழந்து, குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, வருமானம் போய், தேக ஆரோக்கியத்தைப் பற்றிய நிரந்தரமான ஐயத்தோடு வாழ்கிற ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொகை எந்த அளவில் ஈடாகும் என்பது ஒருபுறம் இருக்க, அதையும் முழுமையாகச் சேர்ப்பிக்காமல் இருபத்துநான்கு வருஷங்கள் கழிந்து, மறுபடியும் உச்ச நீதிமன்றம் ஆறு வாரக் கெடு விதிக்க நேர்ந்தது. இந்தத் தீர்ப்பில் ஓர் அம்சம் மிகவும் போற்றத்தக்கது. பாதிக்கப்பட்டவருக்கு இன்னும் கிடைக்காத தொகையை மாநில சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவரிடமிருந்து வருவாய் வசூல் சட்டத்தின் மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. நூறு தொழிற்சாலைகளின் வாசலில் நின்று கடனை வசூலிக்கும் வலிமை சர்க்காருக்கு உண்டு. தரிசு நிலத்துச் சொந்தக்காரருக்கு இல்லை. அந்த வலிமை யாரிடம் உள்ளதோ அவரிடமே காத்திருக்கும் பாரத்தையும் ஒப்படைப்பது தருமம். வேலூரோடு நில்லாமல் எல்லா ரசாயன மாசு வழக்குகளிலும் முதல் நாளிலிருந்தே இதைப் பொது விதியாக்க வேண்டும்.

மாசு செய்பவர் விலை கொடுக்க வேண்டும் என்ற தத்துவம் எவ்வளவு உன்னதமானதாயினும், கொடுப்பதற்கு அவர் இருக்க வேண்டும் அல்லவா? ராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய ரசாயனங்களைத் தயாரித்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைத் தன் வளாகத்திலேயே குவித்து விட்டுச் சென்றது. தோல் தொழிற்சாலைக் கழிவில் காணப்படுவது பெரும்பாலும் மூவிணைதிறன் கொண்ட குரோமியம். இந்தக் குவியலில் இருப்பதோ, நீரில் எளிதாகக் கரைவதும் புற்றுநோய் விளைவிப்பதென்று உலக விஞ்ஞானிகள் வகைப்படுத்தியிருப்பதுமான அறுவிணைதிறன் குரோமியம். மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நிற நீர் அதிலிருந்து கசிந்து நிலத்தடியில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்திலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களை வரிசைப்படுத்தியபோது அதில் ராணிப்பேட்டையும் இடம் பெற்றது. லாபம் ஈட்டிய காலம் முடிந்து, பங்குதாரர் கலைந்து, கம்பெனியின் பெயரும் மறைந்தபின், அந்தக் குவியலை அகற்றும் செலவு வரி செலுத்தும் பொதுமக்களின் தலையில் வந்து விழுகிறது. ஆகவே, அபாயகரமான ரசாயனத்தைக் கையாளும் எந்தத் தொழிற்சாலையும் தொடங்குவதற்கு முன்னமேயே, பின்னாளில் அதன் கழிவை அகற்றப் போதுமான தொகையைச் சர்க்காரிடம் ஈடாகக் கட்டி வைக்க வேண்டும்.

தாமதத்தின் விலை எவ்வளவு பயங்கரமாக வளரக்கூடும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா நகரம் என்றென்றைக்கும் சாட்சி. அங்கே சிஸ்ஸோ என்னும் கம்பெனி 1932 முதல் பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டு வந்தது. அந்த விரிகுடாவின் மீனை உண்டவர்களுக்குக் கை கால் நடுக்கமும் பார்வைக் குறைவும் வலிப்பும் உண்டாகும் ஒரு நூதன வியாதி 1956 மே மாதத்தில் அதிகார பூர்வமாக அறிவிக்கப்பட்டது. கம்பெனியின் ஆஸ்பத்திரித் தலைவரான டாக்டர் ஹொசோகாவா, ஆலைக் கழிவைத் தாமே ஒரு பூனைக்கு ஊட்டிப் பரிசோதித்து, அதற்கும் அவ்வியாதி வருவதை 1959 அக்டோபரிலேயே கண்டார். கம்பெனி அந்த முடிவை மறைத்தது. அதே வருஷம் டிசம்பரில், பிற்காலத்தில் ஆலைதான் காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கோருவதில்லை என்ற நிபந்தனையோடு, வறுமையில் வாடிய குடும்பங்களுக்குச் சொற்பத் தொகையை அனுதாபப் பணம் என்று கொடுத்தது. கழிவு 1968 வரையில் கடலில் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு இடையில் நீகாத்தா என்ற மற்றோர் ஊரில், வேறொரு கம்பெனியின் கழிவால், 1965இல் அதே வியாதி தோன்றிவிட்டது. மறைக்கப்பட்ட அந்த ஒரு பரிசோதனை அன்றே ஜனங்களுக்குத் தெரிந்திருந்தால், தாயின் கருப்பையிலேயே பாதரசம் பாய்ந்து பிறந்த குழந்தைகளுள் எத்தனையோ பேர் நல்ல தேகத்தோடு பிறந்திருப்பார்கள்.

பாலாற்றங்கரையில் ஒரு பெரிய குறை இன்னும் நீடிக்கிறது. 1974ஆம் வருஷத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி இயங்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கழிவுநீர் வெளியேறும் குழாயின் வாயைப் பார்க்கிறது. 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் கடையையும் ஓட்டலையும் பார்க்கிறது. விவசாயியும் விவசாய வேலையும் தன் ஆணைக்கு உட்பட்டவை அல்ல என்று அச்சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஏழை உழவரை உரிம நடைமுறைகளின் தொல்லையிலிருந்து காக்கும் அந்த விலக்கு நியாயமானதுதான். ஆனால் அதன் பலனாக, குழாயின் வாய்க்கும் கடையின் படிக்கும் நடுவேயுள்ள வயலும், அதில் விளையும் கீரையும் நெல்லும், அங்குள்ள புல்லை மேய்ந்த பசுவின் பாலும் எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் போகின்றன. கழிவில் இருந்த உலோகம் உணவில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அறிய வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு நம் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. மாசுபட்ட பிரதேசம் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட கிராமங்களிலாவது, உழவர்மீது குற்றமும் செலவும் சுமத்தாமல், மண்ணையும் நீரையும் தானியத்தையும் பாலையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் கடமையை ஒரே அமைப்பினிடம் ஒப்படைக்க வேண்டும்.

கழிவுநீரை வெளியே விடாமல் முற்றிலும் மறுபடி உபயோகிக்கும் முறை இப்போது வந்துவிட்டதே, இனியும் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டதும், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும் நீராவியாக்கும் கருவிகளும் அமைக்கப்பட்டதும் உண்மையே. அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது அழகன்று. எனினும் நீரிலிருந்து பிரித்தெடுத்த கலப்பு உப்பு எங்கும் போக வழியின்றி மூட்டை மூட்டையாக அந்நிலையங்களிலேயே அடுக்கப்படுகிறது. கழிவு நீராக ஓடியது போய் உப்பாகக் குவிகிறது; தீமை இடம் மாறியிருக்கிறதேயன்றித் தீர்ந்துவிடவில்லை. உப்பை ஆரம்பத்திலேயே குறைப்பதும், குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டு மறுபடி உபயோகிப்பதும், ஆவாரம்பட்டை முதலிய தாவர முறைகளை இந்தக் காலத்துக்கேற்ப மேம்படுத்துவதும், சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற நிறுவனங்களின் துணையோடு செய்யக்கூடிய காரியங்களே. அவற்றுக்கான செலவைக் காலணியின் விலையில் சேர்த்தே ஆக வேண்டும். ஐரோப்பியக் கடைவீதியில் அந்தக் காலணி மலிவாக விற்பதற்கு ஆம்பூர்க் கிணறு இதுநாள்வரை மானியம் கொடுத்து வந்திருக்கிறது. அந்த மானியம் இனி நிற்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடச் சீக்கிரமாகவும், அநேகமாகச் செலவே இல்லாமலும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. தமிழகத்தில் இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது; அவற்றுள் ஒன்று மார்ச் 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று நடப்பது. மாசுபட்ட ஒவ்வொரு கிராமத்திலும் அந்த நாளில், அவ்வூர்க் கிணறுகள் ஒவ்வொன்றின் பரிசோதனை முடிவையும், உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, குடிக்கத் தகுமா, பாசனத்துக்குத் தகுமா என்று எளிய தமிழில் அதிகாரிகள் வாசிக்கட்டும். நஷ்ட ஈடு பெற்றவர் யார், இன்னும் பெறாதவர் யார், தராத தொழிற்சாலை எது என்ற பட்டியலையும் அதோடு கூடவே வாசிக்கட்டும். தன் கிணற்றில் கலந்திருப்பது இன்னதென்று தெரிந்துகொள்ள ஒரு குடியானவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டிய தேசத்தில், சட்டத்தின் தத்துவங்கள் எத்தனை சிறந்தவையானாலும் அவருக்கு அவை பயன்படுவதில்லை. அந்த விவரம் சபையின் நடுவே வாசிக்கப்பட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அதற்குப்பின் தாமதம் செய்கிறவர் ஒவ்வொருவரும் ஊரார்முன் காரணம் சொல்லியாக வேண்டும். அடுத்த மார்ச்சு மாதத்திலேயே வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஆட்சியர்கள் இதைத் தொடங்க வேண்டுமென்று இந்நாட்டுப் பிரஜைகளில் ஒருவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.